ஏழாவது செருப்பு

அத்தியாயம் 4

வேலப்பன்சாவடி தாண்டி நூம்பல் பக்கம் பைக்கைத் திருப்பியதிலிருந்து ரசாக்கின் வாய் ஓயவில்லை.

"ஏன் யக்கா, நமக்கு ஒரு கொலை கேஸு, கடத்தல் கேஸு எதுவும் வராதா? போன மாசம் பறந்து போன கிளி. இந்த மாசம் காரு நிறுத்துற எடம். அடுத்த மாசம் இன்னா, மொட்டை மாடில காயப்போட்ட வத்தலா?"

"வத்தல் கேஸ் வந்தா ஃபீஸ் ஜாஸ்தி கேட்கணும். காக்காவை விசாரிக்கறது கஷ்டம்" என்றாள் பின்சீட்டில் இருந்த தாட்சாயிணி.

அம்பத்தூரில் மருந்துக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவள் தாட்சாயிணி. குமணன்சாவடி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் ரசாக். ஒருநாள் அவன் வண்டியில் ஏறி, இறங்குவதற்குள் அவன் மீட்டரைவிட வேகமாக அவன் பொய்களைக் கண்டுபிடித்துவிட்டாள். 'இந்தம்மாவுக்கு எதிரில் இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பது நல்லது' என்று அன்றே முடிவு செய்து உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். இதுவரை வருத்தப்படவில்லை. சம்பள நாளில் மட்டும் கொஞ்சம்.

அடுக்குமாடி வாசலில் லாவண்யா காத்திருந்தாள். குடியிருப்போர் சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஆவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கண் சிவந்திருந்தது.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல விஷயம்" என்றாள் தாட்சாயிணி.

விஷயம் இதுதான். அங்கே இருபத்து நான்கு வீடுகள், இருபத்து நான்கு கார் நிறுத்தும் இடங்கள். ஒன்றாம் நம்பர் லிஃப்ட் பக்கத்தில், நிழலில், மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே. இருபத்து நாலாம் நம்பர் குப்பைத்தொட்டிகளின் பக்கத்தில், காக்கைகளுக்கு நேர் கீழே. யாருக்கு எது என்று வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வருஷா வருஷம் சண்டையும் உண்டு. அதனால் இந்த வருஷம், ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருமுருகன், அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரு குலுக்கல் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்.

"போன ஞாயித்துக்கிழமை காலைல ஹாலுக்குள்ள யார் முதல்ல வராங்களோ அந்த வரிசைல வீட்டு நம்பரை டைப் பண்ணினேன். பட்டனை அழுத்தினேன். ஒண்ணாம் நம்பர் மூணாவது மாடி மங்களம் அம்மாவுக்கு வந்துச்சு. அவங்க அன்னிக்கு முதல்லயே வந்தும் ஏழாவதாத்தான் உள்ள வந்தாங்க, பாவம். செருப்பு வார் கழலலைன்னு வாசல்ல ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தாங்க."

"அதுல இன்னாம்மா தப்பு?" என்றான் ரசாக்.

"அதுக்கு முதல் நாளே, சனிக்கிழமை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அவங்க புது எலெக்ட்ரிக் காருக்கு சார்ஜ் போட ஒண்ணாம் நம்பர் தூண் வரைக்கும் வயர் அளந்திருக்காங்க, அண்ணா."

ரசாக் விசிலடித்தான். பரீட்சைக்கு முன்பே இனிப்பு வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

எலெக்ட்ரீஷியன் வாய் சும்மா இருக்குமா? தலைவர் செல்வகுமார் காதில் போட்டுவிட்டான். ஒன்றாம் நம்பர் மீது செல்வகுமாருக்கே ஒரு கண். முடிவு முன்பே தெரிந்திருக்கிறது என்றால் யாரோ புரோகிராமை முன்பே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். புரோகிராம் ஓடுவது அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும். பாஸ்வேர்டு லாவண்யாவிடம் மட்டும். மங்களம் அடிக்கடி லாவண்யாவுக்கு அதிரசம் கொடுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கணக்கு முடிந்தது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போட்டு அவளை வெளியே அனுப்பப் போகிறார்கள்.

"வேலை போனாக்கூட தேடிக்குவேன் மேடம். திருடின்னு சொல்லி அனுப்பினா இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த ஃபிளாட்ல சேர்த்துப்பாங்க? எங்க வீட்ல என்னன்னு சொல்லுவேன்?"

இதைக் கேட்டதும் ரசாக்குக்கு வத்தல் ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"புரோகிராம் வேற யார்கிட்டயும் இல்லையா?" என்றாள் தாட்சாயிணி.

"பத்திரத்துக்குத் திருமுருகன் சார் மூணு பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தார். அவருக்கு ஒண்ணு. அவருக்கு விழுந்ததோ இருபத்து மூணாம் நம்பர். தலைவருக்கு ஒண்ணு. அவர் வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது, எல்லாம் போன்தான். பொருளாளருக்கு ஒண்ணு. அவர்தான் மங்களம் அம்மா பையன் விஷ்ணு."

"ஆஹா!" என்றான் ரசாக்.

"ஆஹா இல்லை அண்ணா. இது விண்டோஸ்ல ஓடற புரோகிராம். விஷ்ணு சார் விண்டோஸை வீட்டு வாசப்படி ஏத்த மாட்டார். எல்லாம் லினக்ஸ், அதுல இது ஓடாது. அதை எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொல்லுவார்."

தாட்சாயிணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை தாண்டியிருந்தது. "வா, மூணாவது மாடிக்கு" என்றாள்.

கதவைத் திறந்த மங்களம் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். வந்தவர்கள் யார், எதற்கு என்று கேட்பதற்கு முன்பே, "உட்காருங்க, உட்காருங்க. ராகு காலம் நடக்கிறது. அதற்குள் ஒரு காபி ஆகட்டும்!" என்றாள். சொல்லிவிட்டுத் தனக்குத்தானே குலுங்கிச் சிரித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"இன்னா யக்கா, டீவில நியூஸ் படிக்கிற மாதிரியே பேசுது?" என்று கிசுகிசுத்தான் ரசாக்.

ஹாலில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. திரையில் பன்னிரண்டு கட்டங்கள், யாருடைய ஜாதகமோ. அலமாரியில் பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் அந்த ஜாதகப் புரோகிராமின் குறுந்தட்டு உறை. தாட்சாயிணி ஒரு நிமிஷம் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி வந்தது. கூடவே விஷ்ணுவும் தன் அறையிலிருந்து வந்தான்.

"குலுக்கல் விஷயமாத்தானே? எங்க வீட்ல விண்டோஸ் கிடையாது மேடம். சத்தியமா. சத்தியத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் சத்தியமா."

"ராகு காலம்?"

"அதுலயும் கிடையாது. இந்தப் புதுக் காரையே ராகு காலத்துலதான் டெலிவரி எடுத்தேன். அம்மா ஒரு வாரம் பேசலை."

"நிம்மதியா இருந்தான்" என்றாள் மங்களம். பிறகு ரசாக்கிடம், "உன் பிறந்த தேதி சொல்லுப்பா. கல்யாணம் எப்போன்னு பார்த்துடலாம்."

"எனுக்கு ஏற்கெனவே ஆயிடுச்சும்மா. எப்ப முடியும்னு வேணா பாருங்க."

தாட்சாயிணி டம்ளரை வைத்தாள். "சனிக்கிழமையே ஒண்ணாம் நம்பருக்கு வயர் அளந்தீங்களாமே?"

"அம்பாள் மனசுல போட்டா, அளந்தேன்" என்றாள் மங்களம். அம்பாள் வந்து சாட்சி சொல்ல மாட்டாள் என்ற தைரியம் குரலில் தெரிந்தது.

கீழே வந்தார்கள். அலுவலக அறையில் லாவண்யாவுடன் திருமுருகன் உட்கார்ந்திருந்தார். தன் புரோகிராமுக்குக் கெட்ட பெயர் வந்த வருத்தத்தில் அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"அந்தப் புரோகிராமைத் திற" என்றாள் தாட்சாயிணி.

"இப்பவா மேடம்? ராகு காலம்" என்று தயங்கினாள் லாவண்யா.

"ராகு என் பேர்ல இருக்கட்டும். திற."

லாவண்யா திறந்தாள். குலுக்கல் வரவில்லை. திரையில் மஞ்சளாக ஒரு பெட்டி எழுந்தது.

'ராகு காலம் நடக்கிறது. அதற்குள் ஒரு காபி ஆகட்டும்.'

மூணாவது மாடியில் கேட்ட அதே வாசகம் என்று ரசாக் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

திருமுருகன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "வந்துடுச்சா! வந்துடுச்சா! நான்தான் வெச்சேன். ராகு காலத்துல திறந்தா ஓடாது. யாராவது திறப்பாங்க, பார்த்துட்டுச் சிரிப்பாங்கன்னு ஆசையா வெச்சேன் மேடம். இந்த அபார்ட்மென்ட்ல ராகு காலத்துல ஒருத்தர்கூட இதைத் திறக்கலை!"

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா அப்புறம் என்ன சுவாரசியம்?"

"லாவண்யா, நீ இதுக்கு முன்னால இதைப் பார்த்திருக்கியா?"

"இல்லை மேடம். குலுக்கல் அன்னிக்குக் காலைல ஒரு தடவைதான் நான் திறந்ததே."

"அப்போ இந்த வாசகத்தை இந்த ரூமுக்கு வெளிய யாரோ பார்த்திருக்காங்க. பார்த்தவங்க வீட்டுல இப்பத்தான் காபி குடிச்சோம்." தாட்சாயிணி எழுந்தாள். "வேற எங்கயோ இது ஓடியிருக்கு."

மாடிப்படியில் ரசாக் கணக்குப் போட்டான். போலீஸ் வேலைக்கே போயிருக்கலாமோ என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். "யக்கா, அந்தம்மா ராகு காலத்துல பாயைக்கூட விரிக்காது. அந்த நேரத்துல இதைத் திறந்து பார்க்குற ஆளு ஒருத்தன்தான். காரையே ராகு காலத்துல எடுத்தானே. புள்ளையாண்டான் பார்த்துட்டு ஆத்தாகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கான். கேஸு முடிஞ்சிச்சு!"

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் தாட்சாயிணி. அவள் அப்படி ஒத்துக்கொண்டது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. ரசாக் ஒரு படி உயரமாக நடந்தான்.

விஷ்ணு கையை விரித்தான். "மறுபடியும் சொல்றேன், எங்க வீட்ல விண்டோஸ்..."

"கிடையாது. ஒத்துக்கறேன்" என்றாள் தாட்சாயிணி. அலமாரியிலிருந்து ஜாதகக் குறுந்தட்டு உறையை எடுத்துக் காட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க. விண்டோஸுக்கு மட்டும். வீட்ல விண்டோஸ் இல்லை. ஆனா அம்மா தினமும் இதுல ஜாதகம் பார்க்கறாங்க. எப்படி?"

விஷ்ணு அசடு வழிந்தான். "அது... லினக்ஸ் போட்டதும் ஜாதகம் ஓடலைன்னு அம்மா ரெண்டு வேளை சாப்பிடலை மேடம். அதனால 'வைன்'னு ஒண்ணு போட்டுக் கொடுத்தேன்."

"அம்மா குடிப்பாங்களா?" என்றான் ரசாக்.

"அது பேருதான் அப்படி! விண்டோஸ் புரோகிராம் எதைக் கேட்டாலும், விண்டோஸ் பதில் சொல்ற மாதிரியே இது நடுவுல நின்னு பதில் சொல்லும். தான் வேற வீட்ல இருக்கோம்னே புரோகிராமுக்குத் தெரியாது."

"புரிஞ்சிபோச்சு. எங்க ஸ்டாண்ட்ல ஊருக்குப் புதுசா வர்றவன் இன்னா பாஷை பேசினாலும் நம்ம பாய் ஒருத்தர் பதில் சொல்லுவாரு. அவன் சொந்த ஊர்லயே எறங்கின மாதிரி நெனைச்சிப்பான்."

"பூஜை அறைக்கு எதிர்ல அந்தப் பேரை வெச்சுக்க முடியுமா?" என்று குறுக்கிட்டாள் மங்களம். "பன்னீர்னு மாத்தச் சொல்லிட்டேன்."

உண்மைதான். திரையின் மூலையில் ஒரு சின்னப் படம், கீழே 'பன்னீர்' என்று பெயர்.

"பன்னீர் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றாள் தாட்சாயிணி.

"விண்டோஸ் இருக்கான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. ஆனா குலுக்கலை நான் திறக்கலை மேடம். பென்டிரைவ் வாங்கின அன்னிக்கு ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். இன்னும் அங்கதான் இருக்கு."

"எடுங்க. இதுல போடுங்க."

போட்டான். பன்னீர் புரோகிராமைத் தட்டி எழுப்பியது. ரசாக் மஞ்சள் பெட்டிக்காகக் காத்திருந்தான். வரவில்லை. வீட்டு நம்பர்களை டைப் செய்யச் சொல்லி, வெள்ளை வெளேரென்று குலுக்கல் பக்கம் வந்து நின்றது.

"இன்னா யக்கா இது? கீழ ராகு காலம். மேல இல்லியா? ராகுவுக்கு லிஃப்ட்ல ஏறத் தெரியாதா?"

தாட்சாயிணி திரையின் மேல் ஓரத்தை விரலால் தொட்டாள். கம்ப்யூட்டர் கடிகாரம் பகல் பன்னிரண்டு ஆகப்போகிறது என்றது. சுவர்க் கடிகாரம் ஐந்தே கால் தாண்டியிருந்தது.

"லண்டன் நேரம்" என்றான் விஷ்ணு. "முன்னாடி இதுலதான் லண்டன் ஆபீஸ் வேலை பார்ப்பேன். மாத்தவே இல்லை. அம்மா சுவர்க் கடிகாரம்தான் பார்ப்பாங்க."

"அப்போ நாம தலைகீழாப் பார்த்திருக்கோம், ரசாக்" என்றாள் தாட்சாயிணி. "ராகு காலத்தை மதிக்காதவர் திறந்ததால அந்த வாசகம் வரலை. ராகு காலத்தை ரொம்ப மதிக்கறவங்க, வயர் அளந்ததுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, சாயந்திரம் நாலேமுக்காலுக்கு நல்ல நேரம் பார்த்துத் திறந்திருக்காங்க. அப்போ லண்டன்ல வெள்ளிக்கிழமை காலை பதினொண்ணேகால். சரியான ராகு காலம்."

சமையலறை வாசலில் டம்ளர் ஒன்று தவறி உருண்டது. ரசாக்கின் போலீஸ் உத்தியோகமும் அதோடு உருண்டுபோனது.

"விளக்கேத்திட்டுத்தான் திறந்தேன்" என்றாள் மங்களம். பயம் துளியும் இல்லை, மாட்டிக்கொண்ட குழந்தையின் குறும்புதான் முகத்தில் இருந்தது. "என்ன எழுதியிருக்கார்னு சும்மா பார்க்கலாம்னு. நல்ல நேரத்துல திறந்தா ராகு காலம், காபி குடிங்கறது! எனக்குச் சிரிப்புத் தாங்கலை. குடிச்சுட்டு ராத்திரி சமைக்கறதுக்கு முன்னால திறந்தேன். எங்க வீட்டை முதல்ல போட்டேன். பத்தொன்பது வந்தது. மூடிட்டு மறுபடி திறந்தேன். பத்தொன்பது. எத்தனை தடவை திறந்தாலும் முதல்ல வர்றவங்களுக்குப் பத்தொன்பதுதான். அப்புறம் எங்க வீட்டை ரெண்டாவதாப் போட்டேன், மூணாவதாப் போட்டேன்..."

"ஏழாவதாப் போட்டப்போ?"

"ஒண்ணாம் நம்பர்!" என்றாள் மங்களம், கை தட்டாத குறையாக.

திருமுருகன் ஒரு வரியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலை என்று சொல்லும் வரி. அது இல்லாததால், திறக்கும்போதெல்லாம் அதே மாதிரியே கலைத்தது.

"அதான் வாசல்ல செருப்பு வாரு கழலலியா?" என்றான் ரசாக். மனசுக்குள் அந்தம்மாளுக்கு ஒரு சலாம் போட்டான். செருப்பைக் குனிந்து பிடித்துக்கொண்டு ஆறு பேரை எண்ணி உள்ளே விட்ட காட்சி அவன் கண்ணிலேயே நின்றது.

"மூணு வருஷமா குப்பைத்தொட்டி பக்கத்துலப்பா. கார் மேல காக்கா எச்சம் வழிச்சு வழிச்சு என் கை தேஞ்சுபோச்சு. பார்த்துட்ட பிறகு பார்க்காத மாதிரி எப்படி இருக்கறது?"

"இருந்திருக்கணும்" என்றாள் தாட்சாயிணி. "லாவண்யாவை இன்னிக்கு ஆறு மணிக்குத் திருடின்னு சொல்லி அனுப்பறாங்க."

மங்களத்தின் முகத்திலிருந்து சிரிப்பு அப்படியே வடிந்தது. "லாவண்யாவையா? யார்கிட்டயும் அப்படிக் கேள்விப்படலையே!"

"எல்லாம் வாட்ஸாப் குரூப்ல வந்துச்சும்மா" என்றான் விஷ்ணு. "நீ தினமும் குட் மார்னிங் அனுப்பறேன்னு உன்னை எடுத்துட்டாங்க. நீ வருத்தப்படுவேன்னு நானும் சொல்லலை."

மங்களம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அம்மா, ராகு காலம்" என்றான் விஷ்ணு.

"இருக்கட்டும்" என்றாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. முழங்கால் வலியோடு படியிறங்கிப் போகும் அவளுக்குக் கை கொடுக்க ரசாக் பின்னாலேயே ஓடினான்.

மங்களம் சொல்லி, செல்வகுமாருக்கு விஷயம் தெரிந்த அடுத்த நிமிஷம் குரூப்புக்கும் தெரிந்துவிட்டது. ஒன்றாம் நம்பர் மறுபடி காலி என்ற சந்தோஷத்தில் மனுஷர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஏழாவதாக வருகிறவருக்குத்தான் ஒன்றாம் நம்பர் என்பது உட்பட. கடைசியில், 'ஆறு மணிக்கு மறு குலுக்கல்' என்று வேறு போட்டார்.

ஆறு மணி. ஹாலுக்குள் கம்ப்யூட்டரோடு லாவண்யா. பக்கத்தில் திருமுருகன். மூலையில் தாட்சாயிணியும் ரசாக்கும். மங்களம் தன் வீட்டுக்கு இருபத்து நாலாம் நம்பரே போதும் என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, லாவண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேறு ஒருவரும் உள்ளே வரவில்லை.

ரசாக் எட்டிப் பார்த்தான். வாசலில் மொத்த அபார்ட்மென்ட்டும் நின்றது. ஒருவர் ஷூ லேசை அவிழ்த்து, கட்டி, அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் கொலுசைச் சரிசெய்தாள். இரண்டு பேர் வராத போனில் மும்முரமாகப் பேசினார்கள். "நீங்க போங்க சார்", "அட, நீங்க போங்க" என்று இவ்வளவு மரியாதை அந்தக் கட்டிடம் கட்டினதிலிருந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் நடுவில் ஒற்றைச் செருப்போடு செல்வகுமார், உதட்டசைத்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

லாவண்யா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லித்தானே சார் என்னைத் திருடின்னீங்க?" குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இப்ப இங்க நிக்கிறவங்க எல்லாரையும் நான் என்னன்னு கூப்பிடட்டும்?"

லேஸ் கட்டியவர் நிமிர்ந்தார். போன்கள் பைக்குள் போயின.

"தப்புதாம்மா" என்றார் செல்வகுமார். "விசாரிக்காம பேசிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுக்கோ. நாளைக்கும் நீதான் ஆபீஸைத் திறக்கணும்."

லாவண்யா தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். தலை குனிந்தபடி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். செல்வகுமாரும் வந்தார். பழக்க தோஷம், சரியாக ஏழாவதாக.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஐந்தரை மணிக்கே திருமுருகன் அந்த விட்டுப்போன வரியை எழுதிச் சேர்த்துவிட்டார்.

லாவண்யா பட்டனை அழுத்தினாள். முடிவைத் திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றாம் நம்பர் முதல் மாடியில் குடியிருந்த ஒரு டீச்சருக்கு. செல்வகுமாரின் வீட்டு நம்பர் கடைசியில் வந்தது. இருபத்து மூணு. குப்பைத்தொட்டிக்கு இந்தப் பக்கம், காக்கைகளுக்கு அதே பக்கம்.

"மறுபடியும் ஒரு தடவை குலுக்கிப் பார்க்கலாமே?" என்றார் செல்வகுமார், ஈனஸ்வரத்தில்.

லாவண்யா புரோகிராமை மூடினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அடுத்த வருஷம் பார்க்கலாம், சார். அதற்குள் ஒரு காபி ஆகட்டும்."